அப்பாவுக்கு இல்லாத விறகு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது முழுக்கட்டையை வாசலில் கொண்டுவந்து இறக்கக் கூடாது. சுள்ளி பொறுக்கி வரலாம். பிளந்த விறகைத் தலைச்சுமையாக வாங்கிப் போடலாம். அதையெல்லாம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உருண்டைக் கட்டை வந்து இறங்கினால் மட்டும் தெரு நின்று பார்க்கும். படுத்திருப்பவர் எப்போது கிளம்புவார் என்று பிள்ளைகள் நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். இது எனக்கும் தெரியும், என் அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கொண்டுவந்தோம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அண்ணன் அப்பாவோடு விவசாயம். விவசாயம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் வரகும் வாய்ச்சண்டையும். சொந்த நிலம் கொஞ்சம். மிச்சம், பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று, வாரத்துக்குப் பார்த்தோம். அந்த நிலத்துக்காரர் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனவர், மகன் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். காலையில் அடுப்புப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டில் ஒரு கங்கு வாங்கிவருவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். எங்கள் வீட்டில் அது நடக்காது. எங்கள் ஆத்தா, தாயைத்தான் நாங்கள் ஆத்தா என்போம், ஒருமுறை கங்கு கேட்டுப் போய்விட்டு வந்தபோது அப்பா அன்றைக்குக் கஞ்சியே குடிக்கவில்லை. "அடுத்தவன் நெருப்புல வெந்தது எனக்கு எறங்காது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீம்பு பிடித்த மனிதர். அந்த வீம்பில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது என்று என் மனைவி பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பங்குனியில் அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். சந்தோஷத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, அதன் கீழே கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தோம். நாள் முழுக்கத் தெருவையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வைகாசியில் ஒரு மாலை, கோடைமழைக்கு முன்னால் வருகிற பேய்க்காற்று. நிலத்துக்காரரின் மேட்டுக் கொல்லையில் நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்தது. பெரிய மரம். புளியமரத்தடியில் படுத்தால் பேய் பிடிக்கும் என்று ஊரே அதைச் சுற்றிப் போகும். அப்பா மட்டும் உச்சி வேளையில் அதன் கீழ் படுத்துக் குறட்டை விடுவார். "பேய்க்கும் ஒரு தொணை வேணும்ல" என்பார். மரம் விழுந்த சேதி மதுரைக்குப் போயிற்று. எடுத்துக்கொள்ளச் சொல்லி அங்கிருந்து ஆள் மூலம் பதில் வந்தது.

அதே வாரத்தில் இன்னொரு சேதி. எங்கள் தங்கச்சி, அறந்தாங்கிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தவள், முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். கணக்குப் பார்த்தால் கார்த்திகையில் பேறுகாலம், அடைமழைக் காலம். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நாள் தவறாமல் வெந்நீர் வேண்டும், வீட்டுக்குள் கணப்பு வேண்டும். கார்த்திகையில் எங்கள் ஊரில் நெல்கூடக் கிடைத்துவிடும், காய்ந்த விறகு கிடைக்காது. இப்போதே கொண்டுவந்து போட்டால் ஆடிக்காற்றில் காய்ந்து தயாராக இருக்கும். அண்ணன் இப்படித்தான் யோசித்தார். அதில் ஒரு தப்பும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மரத்தைக் கொல்லையிலேயே பிளந்து எடுத்துவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பச்சைப் புளியங்கட்டையைப் பிளந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். நார் முறுக்கிக்கொண்டு கிடக்கும். கோடரி உள்ளே போனால் வெளியே வராது. அதைப் பிடுங்குவதற்கு இன்னொரு கோடரி வேண்டும். வெயிலில் கிடந்து வெடிப்பு விட்டால்தான் ஆப்பு இறங்கும். அதுவரை கொல்லையில் போட்டுவைத்தால் காவலுக்கு யார்? எங்கள் ஊரில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் கேட்பாரற்றுக் கிடக்கிற கட்டையைப் பார்த்தால் அவர்களுக்கும் கை அரிக்கும்.

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். அறுப்புக்காரர்கள் இரண்டு பேர், இரு முனையிலும் பிடித்து இழுக்கிற ரம்பத்தோடு வந்து அடிமரத்தைத் துண்டு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே வைரம் பாய்ந்து கருஞ்சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் என் இடுப்பு உயரத்துக்கு விட்டம். அடித்துண்டு மட்டும் அதற்கும் மேல்.

கட்டை ஏற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் தரையில் படும்படி நுகத்தடியை மேலே தூக்கிவிடவேண்டும். பின்னால் இரண்டு பனஞ்சட்டங்களைச் சாய்வாகப் போட்டு, கட்டையில் வடத்தைச் சுற்றி, முன்னாலிருந்து இரண்டு பேர் இழுக்க, பின்னாலிருந்து இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பவேண்டும். நெம்புகிறவன் அவசரப்பட்டால் இழுக்கிறவன் கால் போகும். இழுக்கிறவன் விட்டுவிட்டால் நெம்புகிறவன் ஆளே போய்விடுவான். நான் பஸ்ஸில் விசில் ஊதினால் பெரிய வண்டியே நின்றுவிடும் என்ற மிதப்பில் இருந்தவன். முதல் துண்டு சட்டத்திலிருந்து நழுவி உருண்டபோது நான் கத்தினேன், அது நிற்கவில்லை. அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"இது ஒன் பஸ்ஸு இல்லடா. தள்ளி நில்லு" என்றார் அண்ணன்.

ஏற்றிய பிறகும் நிம்மதி இல்லை. பின்பாரமானால் மாட்டின் கழுத்தை நுகத்தடி தூக்கிவிடும், முன்பாரமானால் அழுத்திவிடும். அப்பா இருந்திருந்தால் நுகத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, 'ஒரு சாண் பின்னுக்கு' என்று சொல்லியிருப்பார். நாங்கள் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். ஒவ்வொரு நகர்த்தலிலும் அவர் ஞாபகம் வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்கும்.

சின்னத் துண்டுகள் இரண்டு நாளில் வந்து சேர்ந்தன. அடித்துண்டை வண்டி தாங்காது என்று தெரிந்துவிட்டது. சங்கிலி போட்டு, இரண்டு ஜோடி மாடு பூட்டி, காய்ந்த கண்மாயின் நடுவே இழுத்துவந்தோம். கண்மாய் மண்ணில் அது உழுதுகொண்டே வந்தது. பாதி வழியில் எங்கள் வெள்ளைக்காளை படுத்துவிட்டது. வாலை முறுக்கினோம், தண்ணீர் காட்டினோம், கெஞ்சினோம். எழவில்லை. வாயில் நுரை தள்ளியது. அப்பா கன்றிலிருந்து வளர்த்த மாடு அது. அண்ணன் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாட்டுக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்று கட்டையைக் கண்மாயிலேயே விட்டுவிட்டு மாடுகளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தோம். மறுநாள் கட்டைக்கு அடியில் உருளைக் கம்புகளைக் கொடுத்து, ஆள்களைக் கூட்டி, கடப்பாரையால் நெம்பி நெம்பியே ஊருக்குள் கொண்டுவந்தோம்.

தெருவில் நுழையும்போதே ஒரு நடுவயதுக்காரி சொன்னாள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள். "ஏம்ப்பா, ஆளு படுத்துக் கெடக்கையில முழுக்கட்டையைக் கொண்டாறீங்களே. அவரு கண்ணு முன்னாடியா போடப் போறீங்க?"

"பேறுகாலத்துக்குக்கா" என்றார் அண்ணன்.

"எதுக்கோ. பாக்குறவுகளுக்கு அது தெரியுமா?"

கட்டைகளைப் போட வாசலை விட்டால் இடமில்லை. கொல்லைப்புறச் சந்தில் வண்டி நுழையாது. ஆகவே அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே, மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி இறக்கினோம். அடித்துண்டு கடைசியாக உருண்டு சுவரில் மோதி நின்றபோது கட்டில் ஆடியது. அப்பா கண் திறந்து பார்த்தார்.

நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிக் கட்டையைக் காட்டினார். அதே கையைத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்துத் தட்டினார். கட்டை, நெஞ்சு. மறுபடி கட்டை; நெஞ்சு. 'ம், ம்' என்று எங்கள் முகத்தையே பார்த்தார்.

இது எனக்கா என்று கேட்கிறார். வேறென்ன கேட்கப்போகிறார்? அண்ணன் ஓடிப்போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்கில்லப்பா. சத்தியமா ஒங்களுக்கில்ல. தங்கச்சி பேறுகாலத்துக்கு. பேரப்புள்ளைக்கு வெந்நி போட."

அப்பா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கையை உருவிக்கொண்டார். மறுபடியும் கட்டை, நெஞ்சு. ஆத்தா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "அடப் பாவிகளா, அந்த மனுசன் கண்ணுல இதைக் காட்டிட்டீங்களே" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. சோறு ஊட்டப் போனால் கையைத் தூக்குவார். உடம்பு துடைக்கப் போனால் தூக்குவார். நாங்கள் 'ஒங்களுக்கில்ல' என்போம்; அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கண்ணோரத்தில் தண்ணீர் வழியும். நான் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவன், எனக்கே தாங்கவில்லை. கூடவே இருந்த அண்ணன் பாதியாகிவிட்டார். பெற்ற பிள்ளைகள் நம் சாவுக்கு விறகு சேர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் செத்துப்போகலாமா? அவர் சாவதை எங்களால் தடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. இந்த நினைப்போடு சாகாமல் இருந்தால் போதும் என்றுதான் இரண்டு பேரும் வேண்டிக்கொண்டோம்.

கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஒருநாள் கட்டிலோடு தூக்கி உள்ளே கொண்டுபோனோம். அப்பா இடது கையால் சுவரை அடிக்க ஆரம்பித்தார். முட்டி தோல் உரிந்து ரத்தம் வந்தது. திரும்ப வாசலுக்குக் கொண்டுவந்து கட்டைக்கு எதிரே போட்டதும் அடங்கினார். தன்னை எரிக்கப்போகிற விறகைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எங்களைத் தண்டிக்கிறார் என்று ஆத்தா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீம்பு பிடித்தவர்தானே.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார். கையில் சூடக்கட்டி இருந்தது. அப்பாவைத் தூக்கி என் மார்பில் சாய்த்து உட்காரவைக்கச் சொன்னார். அடித்துண்டின் மேல் தண்ணீர் தெளித்துச் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் கடைசிப் பேச்சு. அதற்கு மேல் கோர்ட்டும் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. செய்தவன் தவறினால் வம்சத்துக்கு ஆகாது என்பார்கள்.

"அப்பா, பாத்துக்கங்க. இந்தக் கட்டையில ஒரு சிராய்கூட ஒங்க மேல படாது. இது ஒங்களுக்கில்ல. இது சத்தியம்."

அண்ணன் உள்ளங்கையை ஓங்கியபோது என் மார்பில் சாய்ந்திருந்த அப்பா திமிறினார். இத்தனை நாள் அசையாத உடம்பு அது. எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. இடது கையை நீட்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ம்' இல்லை, வேறு ஏதோ. மகன் கை சுட்டுவிடும் என்று பதறுகிறார் என்று நான் நினைத்தேன். "ஒண்ணும் ஆகாதுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் சூடத்தின் மேல் கையை அறைந்தார். அது அணைந்து புகைந்தது.

அப்பா என் மேல் அப்படியே சரிந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் இருவரிடமும் கையைத் தூக்கிக் கட்டையைக் காட்டவில்லை. நம்பிவிட்டார் என்று அண்ணன் சொன்னார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அண்ணன் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆவணிக்குள் கட்டைகள் வெடிப்பு விட்டன. ஆள் வைத்து ஆப்பு இறக்கிப் பிளந்தோம். அடித்துண்டுகூட இரண்டு நாளில் பணிந்தது. மாட்டுக் கொட்டகையின் இறவாரத்துக்குக் கீழே சுவர் நீளத்துக்கு அடுக்கி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, மழைச்சொட்டு விழாமல் பத்திரப்படுத்தினோம். பார்க்கிறவர்கள் கண்வைக்கிற மாதிரி இருந்தது அடுக்கு. புரட்டாசியில் தங்கச்சிக்கு வளைகாப்புப் போட்டு அழைத்துவந்தோம்.

அவள் வந்த பிறகு அப்பாவுக்குச் சோறு ஊட்டுவது அவள் வேலையாயிற்று. ஒருநாள் நான் வந்திருந்தபோது சமையல்கட்டில் வைத்துச் சொன்னாள். "அண்ணே, அப்பா அந்த வெறகைத்தான் காட்டுறாரு. ஆனா பயந்த மாதிரி இல்லண்ணே. வேற என்னவோ சொல்றாரு."

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் பதறிப்போனார். "அந்தப் பேச்சையே எடுக்காத தாயி. இப்பத்தான் ஆறியிருக்கு. மறுபடி கிளறாத."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மாசமாக இருக்கிறவள் மனம் நோகக் கூடாது என்று நாங்களும் பேச்சை மாற்றிவிட்டோம்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. வானம் ஒழுகிக்கொண்டே இருந்தது. கண்மாய் நிறைந்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று ஊர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் அப்பா போய்விட்டார். எனக்குச் சேதி திருமயத்தில் பஸ்ஸில் வைத்துக் கிடைத்தது. பாதி ட்ரிப்பில் இறங்கி, வேறொரு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது, சுடுகாட்டில் வேலை செய்கிறவர் வாசலில் நின்று மூத்தவர்களிடம் விறகு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒரு வீட்லயும் காஞ்ச வெறகு இல்லீங்க. எல்லாம் நனைஞ்சு கெடக்கு. நல்லவேளை, இங்கனயே அடுக்கிக் கெடக்குதே" என்று கொட்டகைப் பக்கம் போனார்.

"அதைத் தொடாதீங்க" என்றார் அண்ணன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்தாவின் கூடப்பிறந்த மாமா அண்ணனைத் தனியே இழுத்துக்கொண்டுபோனார். அண்ணன் சூடத்தைப் பற்றிச் சொன்னார். மாமா நாள் நட்சத்திரம், சடங்கு சாங்கியம் எல்லாம் அறிந்த மனிதர். தாடையைத் தடவிக்கொண்டார்.

"சூடம் அணைச்சது அணைச்சதுதான் மாப்ளே. அதைக் கேட்டுக்கிட்டவரு இருந்தா, 'சரிப்பா, விட்டுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லலாம். அவரே போயிட்டாரு. இனி யாரு அதை அவுத்து விடுறது?"

தங்கச்சி உள்ளேயிருந்து, நிறைமாத வயிற்றோடு, வாசல்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு அந்த வெறகு வேணாம்ண்ணே. அப்பாவுக்கே வச்சிருங்கண்ணே." அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைச் செத்த அன்றைக்கே மீறினால், இத்தனை நாள் அவர் சந்தேகப்பட்டது சரி என்று ஆகிவிடாதா? அண்ணன் அதைத்தான் நினைத்தார். நானும் அண்ணன் பக்கம்தான்.

சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நானும் அண்ணனும் விறகு கேட்கக் கிளம்பினோம். சாவு வீட்டுக்கு ஆளுக்கொரு கட்டை கொடுப்பது ஊர் வழக்கம்தான். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் வாசலில் கிடந்த அடுக்கை ஊர் முழுக்கப் பார்த்திருந்தது. தினமும் ஆயிரம் பேரிடம் 'டிக்கெட், டிக்கெட்' என்று கூசாமல் கை நீட்டியவன் நான். அன்றைக்கு முதல் வீட்டு வாசலில் எனக்கு வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே உள்ளே போய் ஈரச்சுள்ளி கொஞ்சம் எடுத்துவந்து போட்டார். நாங்கள் நகர்ந்ததும் உள்ளே குரல் கேட்டது. "மலையாட்டம் அடுக்கி வச்சுக்கிட்டு, அப்பனை எரிக்க ஊர்ல வந்து கேக்குறானுக. மகளுக்கு வெந்நி போட வேணுமாம்."

அண்ணனும் கேட்டார். தலைச் சாக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அந்தத் தெரு, அடுத்த தெரு, கீழத்தெரு. ஒவ்வொரு வாசலிலும் நின்றோம். ஒரு வீட்டில் வரட்டி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் உடைந்த ஏர்க்கால், ஒரு வீட்டில் தென்னை மட்டை. எல்லாம் ஈரம். அப்பா தன் வாழ்நாளில் கால் வைக்காத வாசல்களில்கூட அன்றைக்கு அவர் பிள்ளைகள் இருவரும் கை நீட்டி நின்றோம்.

எரித்ததைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசு வரவில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. வைக்கோலும் வரட்டியும் சேர்த்து மண் பூசி மூடினார்கள். பற்றவே இல்லை. புகை, புகை, புகை மட்டும்தான். மண்ணெண்ணெய் வாங்கிவந்து ஊற்றினார்கள். எண்ணெய் எரிந்தது, விறகு எரியவில்லை. மறுநாள் பால் தெளிக்கப் போனபோது சுடுகாட்டு ஆள் எங்களைத் தூரத்திலேயே நிறுத்தினார். "இன்னும் முடியலீங்க. இன்னுங் கொஞ்சம் வெறகு வேணும்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. அண்ணன் அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை நான் தனியாகத்தான் போய்க் கேட்டேன்.

எட்டாம் நாள் துக்கத்துக்கு நிலத்துக்காரர் வந்தார். மதுரையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். கண்ணில் தடித்த கண்ணாடி. அப்பாவைவிட வயதில் மூத்தவர், கைத்தடியோடு பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பந்தலில் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டோம். கொட்டகை அவருக்கு நேர் எதிரே இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் அவருக்குப் பார்வை போதவில்லை.

"பேச்சுப் போயிருச்சுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரியும். தெரிஞ்சிருந்தா வந்து ஒருதரம் பாத்திருப்பேன்" என்றார். பிறகு, "பரவாயில்ல, அந்த மரமாவது அவரு கேட்டபடி அமைஞ்சுது" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். "எந்த மரங்கய்யா?"

"புளியமரந்தான். என்கிட்ட அந்த மனுசன் வாயைத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். மூணு நாலு வருசம் இருக்கும். அதுங்கீழ படுத்திருந்தவரு எழுந்து ஒக்காந்து கேக்குறாரு. 'இது சாஞ்சா எனக்குக் குடுத்துருங்க, என்னை எரிக்கிறதுக்கு ஆகும்'னாரு. எனக்குச் சிரிப்பு. 'என்னய்யா இப்பவே'ன்னேன். அவங்கப்பா செத்தது ஒரு ஐப்பசி மழையிலயாம். வெறகு கேட்டு இவரு வீடு வீடா நின்னாராம். 'நான் பட்டது போதும், எம் பயலுக அப்படி நிக்கக் கூடாது'ன்னாரு. அதான், மரம் விழுந்துச்சுன்னதும் நான் யோசிக்கவே இல்ல, எடுத்துக்கச் சொல்லிட்டேன். அவரு ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

உள்ளே, கதவுக்குப் பின்னால், தங்கச்சியின் வளையல் சத்தம் கேட்டு நின்றது. கட்டை, நெஞ்சு. எனக்கு அந்தக் கை தெரிந்தது. அது கேள்வி இல்லை. எனக்குத்தான், எனக்கு வைத்துவிடுங்கள் என்று அந்தக் கை மாதக்கணக்கில் சொல்லியிருக்கிறது. நாங்கள் மாதக்கணக்கில் இல்லை, இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

நிலத்துக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணன் இருந்த திசையில் குனிந்தார்.

"நல்ல வைரம் பாஞ்ச மரமாச்சே. மழையிலகூட நின்னு எரிஞ்சிருக்குமே. நல்லா எரிஞ்சுச்சா தம்பி?"

அண்ணன் அவருக்கு எதிரே கொட்டகைச் சுவரில் கூரை வரை நின்ற அடுக்கைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார் என்றும் சொல்ல மாட்டேன். நேராகப் பெரியவரின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லா எரிஞ்சுச்சுங்கய்யா."

"அது போதும்" என்றார் அவர். காப்பித் தண்ணீர் குடித்துவிட்டு, மழைக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்று எழுந்துகொண்டார்.

கார்த்திகையில் தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அந்த விறகில்தான் ஆத்தா வெந்நீர் போட்டாள். வேறு விறகு எங்கே இருக்கிறது? ஒரு புகை கிடையாது. ஒரு சுள்ளி வைத்தாலே பற்றிக்கொண்டு, ஊத வேண்டிய வேலையே இல்லாமல், அடை அடையாகக் கங்கு விட்டு எரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம் பார்த்து அண்ணன் வெளியே கிளம்பிவிடுவார். ஊதியும் விசிறியும் பற்றாத அந்தச் சுடுகாட்டுப் புகை இரண்டு பேருக்கும் கண்ணில் இருந்தது. விறகு அடுத்த ஐப்பசி வரை வந்தது.